ஆறாவது இடத்துப் பள்ளி

தைத்து முடித்த சட்டைகள் கட்டுக் கட்டாக அவள் மேசைக்கு வரும். ஒரு கையால் காலரை இழுத்துப் பார்த்து, மறு கையால் அக்குளைத் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, நூல் தொங்குகிறதா, பொத்தான் ஆடுகிறதா என்று சோதித்து, பழுதிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. அந்த ஆடைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு இதே வேலைதான். அவள் பார்த்து அனுப்பிய சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே பெருமையாகச் சொல்வார்.

கூட வேலை பார்க்கும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் 'தராசு'. பெயருக்கு ஏற்ற ஆள்தான். ஒரு குடை வாங்குவதற்கு நாலு கடை ஏறி இறங்குவாள். நாலாவது கடையில் விலை கேட்டுவிட்டு முதல் கடைக்கே திரும்பி வருவாள்.

"இவ்வளவு பாக்கறவ, நீ என்னைக் கட்டிக்க எப்படி ஒத்துக்கிட்டேன்னு எனக்கு இன்னும் புரியல," என்பான் புருஷன். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன்.

"வேற நாலு பேரைப் பாத்துட்டுத்தான்," என்பாள் அவள், சிரிக்காமல்.

அந்த வருஷம் அவர்களுடைய ஒரே மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், டப்பாவைத் திறக்கும்போதே தராசின் செல்போனில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. வட்டாரக் கல்வி அலுவலகம் வெளியிட்டது. வட்டாரத்தில் இருக்கும் ஏழு அரசு தொடக்கப் பள்ளிகள். வருஷக் கடைசியில் நடக்கும் வாசிப்புத் தேர்வில் ஒவ்வொரு பள்ளியும் வாங்கிய சராசரி. அதன்படி ஒன்றிலிருந்து ஏழுவரை இடம்.

முதலிடத்தில் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளி. மேம்பாலத்துப் பள்ளி என்றே எல்லாரும் சொல்வார்கள். அவள் வீட்டுத் தெருவின் கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதை ஒட்டியிருக்கும் பள்ளிக்கு ஆறாவது இடம்.

"அக்கா, உங்க தெரு ஸ்கூல் ஆறாவதாமே!" என்றாள் பக்கத்து மேசைக்காரி. "ஏழாவது எதுன்னு பாத்து மனசைத் தேத்திக்குங்க."

அவள் டப்பாவை மூடி வைத்தாள்.

இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். பாப்பாவின் பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டாள். ஆசிரியர் எத்தனை பேர், கழிப்பறை எப்படி, குடிதண்ணீர் உண்டா, சுவர் எப்படி, நூலகம் உண்டா, மதிப்பெண் என்ன என்று தலைப்புகள். ஏழு பள்ளிக்கும் போனாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இவ்வளவு அலைய மாட்டார்கள் என்றான் புருஷன்.

மேம்பாலத்துப் பள்ளியில் நுழைந்ததுமே கண் நிறைந்தது. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கோப்பைகள். சுவரில் ஐந்து வருஷத்து மதிப்பெண்ணும் ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகும் படம். வகுப்புகளில் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. எல்லாக் கட்டத்திலும் சரி என்று குறி போட்டாள்.

தண்ணீர்த் தொட்டிப் பள்ளியில் குழாய் ஒழுகியது. சுவரில் பெயிண்ட் உரிந்து தேசப்படம் மாதிரி இருந்தது. ஒரு வகுப்பிலிருந்து சந்தைக்கடைச் சத்தம். எட்டிப் பார்த்தாள். சின்ன வயசு டீச்சர் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் சாய்ந்தபடி ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புப் பெண். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தது.

'மூணாவது படிக்கிற பொண்ணு, ஒண்ணாவது மாதிரி படிக்குது' என்று நோட்டில் எழுதிப் பெருக்கல் குறி போட்டாள். அந்தப் பெண் அந்தப் பள்ளிக்கு எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. தைத்த சட்டையைத்தான் அவளுக்குப் பார்த்துப் பழக்கம். துணி எப்படி வந்து சேர்ந்தது என்பதை யார் கேட்கிறார்கள்?

மேம்பாலத்துப் பள்ளியில் சேர வேண்டுமென்றால் வீடு மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். அதற்கும் வழி கிடைத்தது. பக்கத்து மேசைக்காரியின் அண்ணன் அந்தப் பக்கம் ஒரு வீட்டில் குடியிருந்தான். அவன் வீட்டு விலாசத்தில் ஒரு வாடகை ஒப்பந்தம் தயாரானது.

"பொய்யா எழுதிக் குடுக்கறது எனக்குச் சரியாப் படல," என்றான் புருஷன். "தெருக் கோடியில ஸ்கூல வெச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போகணுமா? புள்ள தூங்கி வழியும்."

"நீங்க பஸ்ஸ ஓட்டுங்க. புள்ளையோட படிப்ப நான் ஓட்டிக்கறேன்."

"சரி தாயே," என்றான் அவன். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு முறை உதறினான். மை வராமல் இல்லை.

சேர்க்கை நாளில் மேம்பாலத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியை பாப்பாவைப் பார்த்து, "வீடு எங்கம்மா?" என்று கேட்டார். குழந்தை அம்மாவின் வாயைப் பார்த்தது. பிறகு ஒரு வாரமாக மனப்பாடம் செய்த பொய் விலாசத்தை, கதவு எண்ணிலிருந்து, சத்தமாக ஒப்பித்தது. மகளுக்குத் தான் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது என்பது அம்மாவுக்கு அப்போது உறைக்கவில்லை. இடம் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோயிற்று.

காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு பஸ். முதல் மாதம் பாப்பா குதித்துக்கொண்டு போனது. மூன்றாம் மாதம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஐந்தாம் மாதம் பள்ளி நாட்குறிப்பில் சிவப்பு மையில் வரிகள் வரத் தொடங்கின. 'கவனம் இல்லை.' 'சொல்வதைச் செய்வதில்லை.' 'கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.'

வீட்டிலும் அப்படித்தான் இருந்தாள். தொலைக்காட்சியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பாள். சமையலறையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டாலும் பதில் வராது.

"காது கேக்குதா இல்லையாடி உனக்கு?" என்று அம்மா தோளைப் பிடித்து உலுக்குவாள். "செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி எவ்வளவு கத்தறது?" பாப்பா கண் கலங்க அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அடம் என்று அம்மா முடிவுகட்டினாள். அடத்துக்கு மருந்து அடிதான் என்று ஒருநாள் கையும் ஓங்கிவிட்டாள்.

வாசிப்புத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. தலைமை ஆசிரியை நாற்காலியைக் காட்டினார். குரலில் துளிக் கோபம் இல்லை. குளிரூட்டிய தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா இந்த ஸ்கூல் வேகத்துக்கு வரல. ரொம்ப மந்தமா இருக்கா. இப்பவே டி.சி. வாங்கிக்கிட்டு வேற ஸ்கூல்ல சேத்துட்டீங்கன்னா அவளுக்கும் சிரமம் இல்ல."

"டீச்சர், இன்னும் அஞ்சு வாரம்தானே இருக்கு? வருஷம் முடியட்டுமே. நான் வீட்டுல உக்காத்தி வெச்சுச் சொல்லித் தரேன்."

அவர் மேசைமேல் இருந்த சேர்க்கை ஃபைலை லேசாகத் தள்ளி வைத்தார். "உங்க விலாச விஷயம் எனக்கு முதல் மாசமே தெரியும்மா. நான் பெருசு பண்ணல. பண்ணவும் வேண்டாம்னு பாக்கறேன். நீங்களே விருப்பப்பட்டு எழுதிக் குடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? எழுதிக் கொடுத்தாள். திரும்பும் பஸ்ஸில் பாப்பா மடியில் படுத்துத் தூங்கிவிட்டது. தன் பெண்ணின் மேலேயே யாரோ சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டிப் பள்ளிக்குப் போனபோது, தலைமை ஆசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பெஞ்சின் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். டி.சி.யை வாங்கித் தேதியைப் பார்த்தார். என்ன கேட்கப் போகிறாரோ, எப்படி இடித்துக் காட்டப் போகிறாரோ என்று அவள் காத்து நின்றாள்.

"பாப்பா காலையில சாப்பிட்டாளா?" என்றார் அவர்.

அவ்வளவுதான் கேட்டார். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதினார்.

"சார்... பரீட்சைக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. அவ ரொம்பப் பின்தங்கி இருக்கா," என்றாள் அவள், தானே.

"இந்த நேரத்துல வர்ற பிள்ளைங்க எல்லாம் அப்படித்தாம்மா வரும். வருஷா வருஷம் பத்துப் பேராவது வரும். பாத்துக்கலாம்."

இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு டீச்சர், அன்று தரையில் உட்கார்ந்திருந்தாளே, அந்தச் சின்ன வயசுக்காரிதான். வேலைக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம், கூட்டிப்போக வந்த அம்மாவை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. பாப்பாவ காது டாக்டர்கிட்ட எப்பவாவது காட்டியிருக்கீங்களா?"

"காதா? காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். எல்லாம் அடம்."

"அடம் இல்லம்மா. நான் அவ முகத்தப் பாத்துச் சொன்னா டக்குனு எழுதறா. போர்டுப் பக்கம் திரும்பிக்கிட்டுச் சொன்னா பக்கத்துப் பிள்ளை நோட்டப் பாக்கறா. முதல்ல காப்பி அடிக்கறாளோன்னு நினைச்சேன். இன்னிக்கு அவ பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மூணு தடவை. திரும்பல. வகுப்பே திரும்பிப் பாத்துச்சு, அவ மட்டும் திரும்பல. அவ நம்ம உதட்டைப் படிக்கறாம்மா. ஆறு வயசுல! மந்தமான பிள்ளைக்கு அது வருமா?"

உதட்டையே பார்த்துக்கொண்டு நின்ற குழந்தையின் முகம் அம்மாவின் கண்முன் வந்தது. எத்தனை முறை உலுக்கினோம், எத்தனை முறை 'காது கேக்குதா' என்று கத்தினோம்! கேட்ட கேள்விக்குப் பதில் கண்ணெதிரே நின்றிருக்கிறது.

அடுத்த நாள் அரசு மருத்துவமனைக்கு டீச்சரும் கூடவே வந்தாள். தலைமை ஆசிரியர் அவள் வகுப்பைத் தன் வகுப்போடு சேர்த்துக்கொண்டார். டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஒரு கருவியை வைத்துச் சோதித்தார்.

"அடிக்கடி சளி பிடிக்குமா?"

"பிடிக்கும் டாக்டர். வருஷம் முழுக்க மூக்கு ஒழுகும்."

"ரெண்டு காதுலயும் ஜவ்வுக்குப் பின்னால நீர் கோத்திருக்கு. ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்கும். நீங்க பேசறது அவளுக்குத் தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டுக் கேக்கற மாதிரி கேட்டிருக்கும். பயப்படாதீங்க. சின்னக் குழாய் வெச்சு நீரை எடுத்துடலாம். கால் மணி நேர வேலை. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தீங்கன்னா பேச்சும் படிப்பும் நிரந்தரமா பாதிச்சிருக்கும். யார் கண்டுபிடிச்சது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சரைக் கையால் காட்டினாள்.

சிகிச்சைக்கு நாள் கிடைத்தது, வாசிப்புத் தேர்வு முடிந்து ஒரு வாரம் கழித்து. தேர்வுக்கு முன்தினம் அவள் தலைமை ஆசிரியரிடம் போய் நின்றாள். நன்றிக்கடன் மனதை உறுத்திக்கொண்டிருந்தது.

"சார், நாளைக்கு பாப்பாவ வீட்டுல வெச்சுக்கறேன். காய்ச்சல்னு எழுதிக் குடுக்கறேன். அவ எழுதினா உங்க ஸ்கூலுக்குத்தான் மார்க் குறையும். எனக்காக நீங்க எதுக்கு சார் நஷ்டப்படணும்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பொய்யால பட்டது போதும்மா. வகுப்புல உக்காந்த பிள்ளை பரீட்சைலயும் உக்காரட்டும். அவ எங்க பிள்ளை. தெரிஞ்சத எழுதுவா."

பாப்பா எழுதினாள். டீச்சர் ஐந்து வாரமாக எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துச் சொல்லித் தந்ததை வைத்துக் கொஞ்சம் படித்தாள். நூற்றுக்கு முப்பத்தொன்று.

காதில் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாளை அந்த வீட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். அப்பா தூக்கிக்கொண்டு வந்தான். பாப்பா அவன் தோளிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, உங்க சட்டை சத்தம் போடுது," என்றாள். அவன் சட்டையைப் பார்த்தான். கஞ்சி போட்ட சட்டை. அசையும்போது லேசாக மொரமொரவென்றது. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாற்பது முறை ஹாரன் அடிக்கிற மனுஷன், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று விம்மினான். அன்று முழுக்க பாப்பா வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மின்விசிறி பேசுகிறது, தட்டு பேசுகிறது, அம்மா காய் நறுக்கினால் கத்தி பேசுகிறது என்று ஒவ்வொன்றாக வந்து சொன்னாள்.

இரண்டு மாதத்தில் எழுத்துக் கூட்டாமல் படித்தாள். அம்மா டீச்சரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல டீச்சர்."

"நான் என்னம்மா பண்ணேன்? அவ பின்னாடி போய் நின்னு கூப்பிட்டேன். அவ்வளவுதானே?" என்று டீச்சர் கூச்சத்தோடு சிரித்தாள்.

"அதை நான் ஆறு வருஷமா பண்ணலையே."

புதுப் பட்டியல் வெளியானது. மேம்பாலத்துப் பள்ளி மறுபடியும் முதலிடம். தண்ணீர்த் தொட்டிப் பள்ளி ஆறிலிருந்து இறங்கி ஏழாவது, கடைசி.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆனாப்புல ஆயிடுச்சே அக்கா உங்க ஸ்கூல்!" என்றாள் பக்கத்து மேசைக்காரி, உண்மையான வருத்தத்தோடு. அந்த ஏழில் தன் மகளின் முப்பத்தொன்றும் இருக்கிறது என்று தராசுக்கு மட்டும் தெரியும். அன்று அவள் மேசையில் சட்டைகள் தேங்கின.

பத்தே நாளில் ஓர் அறிவிப்பு வந்தது. கடைசி இடத்துக்கு வந்த பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளை மேம்பாலத்துப் பள்ளியோடு சேர்ப்பதாக யோசனை. பெற்றோரின் கருத்தைக் கேட்க வட்டாரக் கல்வி அதிகாரி நேரில் வருகிறார்.

கூட்டம் நாலாம் வகுப்பு அறையில் நடந்தது. நாற்பது பெற்றோர், குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் அதிகாரி, நடு வயது அம்மாள்; பக்கத்தில் இரண்டு பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள். யோசனையை அதிகாரி படித்து முடித்ததும் முன்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்தான்.

"மேடம், அப்போ நம்ம பிள்ளைங்க எல்லாம் முதல் ஸ்கூலுக்கே போயிடலாமா? பஸ்ஸும் விடுவீங்களா? அப்படின்னா எனக்குச் சம்மதம்."

நாலைந்து தலைகள் ஆடின. சும்மா கிடைத்த அதிர்ஷ்டத்தை வேண்டாம் என்பார் உண்டா? அவளும் ஒரு வருஷத்துக்கு முன் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பாள்.

எழுந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் அவள் தடுமாறாமல் இருக்க முழங்கையைத் தாங்கிக்கொண்டான்.

"மேடம், நான் போன வருஷம் என் பொண்ண அந்த முதல் ஸ்கூல்லதான் சேத்தேன். பொய் விலாசம் குடுத்துச் சேத்தேன். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளை யாருக்கோ கிடைக்க வேண்டிய இடத்தை நான் பிடுங்கிக்கிட்டேன். அது என் தப்பு. அதுக்கு நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க."

மேம்பாலத்துத் தலைமை ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார்.

"பரீட்சைக்கு அஞ்சு வாரம் இருக்கும்போது அவள மந்தம்னு சொல்லி டி.சி. குடுத்தாங்க. இந்த ஸ்கூல்ல அவளச் சேத்துக்கிட்டாங்க. அஞ்சே நாள்ல அவளுக்குக் காது கேக்கலைன்னு கண்டுபிடிச்சாங்க. பெத்த எனக்குத் தெரியல மேடம். நாற்பது விநாடியில ஒரு சட்டையில இருக்கிற குறைய நான் கண்டுபிடிச்சுடுவேன். என் பொண்ணுக்கு என்னன்னு எனக்குத் தெரியல. இந்த டீச்சருக்குத் தெரிஞ்சுது. என் பொண்ணு பரீட்சைக்கு வரவேண்டாம், உங்க மார்க் குறையும்னு நானே சொன்னேன். சார் கேக்கல. அவ வாங்கின முப்பத்தொண்ணும் சேந்துதான் இந்த ஸ்கூல் ஏழாவது ஆச்சு. அவள மாதிரி இன்னும் எத்தனை பேர்னு அந்தப் பதிவேட்டப் பாருங்க."

அதிகாரி கையை நீட்டினார். தலைமை ஆசிரியர் பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்தார். தேர்வுக்கு முந்தைய ஆறு வாரத்தில் மட்டும் பதினொரு பிள்ளைகள் வந்து சேர்ந்திருந்தார்கள். அதில் ஏழு பேர் மேம்பாலத்துப் பள்ளியிலிருந்து.

"இவங்களைக் கழிச்சுட்டுப் பாத்தா உங்க சராசரி என்ன வரும் சார்?" என்றார் அதிகாரி.

"கழிச்சுப் பாக்கல மேடம். எந்தப் பிள்ளையக் கழிக்கறது?"

அதிகாரி தானே செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார். போட்டு முடித்தும் நிமிரவில்லை. மறுபடியும் ஒருமுறை போட்டார். "மூணாவது இடம்," என்றார் மெதுவாக. பிறகு மேம்பாலத்துத் தலைமை ஆசிரியையின் பக்கம் திரும்பினார். "ஏம்மா இப்படி?"

அந்த அம்மாள் அதிகாரியை நேராகப் பார்த்தார். மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "நான் செஞ்சது தப்புதான் மேடம். ஆனா ஒரு இடம் குறைஞ்சாலும் ஏன் குறைஞ்சுதுன்னு கேட்டு எனக்குக் கடிதம் வருது. அந்தக் கடிதத்துல இருக்கிற கையெழுத்து உங்களுது."

அதிகாரி பட்டியலை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். "நான் நம்பரைக் கேட்டேன். நீங்க நம்பரைக் குடுத்தீங்க. பிள்ளைங்க எங்க போனாங்கன்னு ரெண்டு பேருமே கேக்கல," என்றார். முதலில் சம்மதம் சொன்ன தகப்பன் எழுந்து, "மேடம், நான் சொன்னத அழிச்சுடுங்க," என்றான். அறை சிரித்தது, அதிகாரியும் சிரித்தார்.

பள்ளியை மூடும் யோசனை கைவிடப்பட்டது. அடுத்த மாதம் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது: வருஷ நடுவில் மாற்றல் வாங்கும் பிள்ளையின் மதிப்பெண், அது விட்டுவந்த பள்ளியின் கணக்கிலேயே சேரும். அந்த வருஷம் தேர்வுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிப் பள்ளிக்கு ஒரே ஒரு பிள்ளை வந்தது. அதுவும் வீடு மாறியதால். பொய் விலாசத்துக்காக அவளிடம் எழுத்தில் மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டார்கள். பாரம் இறங்கியவளாக எழுதிக் கொடுத்தாள். எல்லாவற்றையும்விட அவளுக்கு நிறைவு தந்த செய்தி வேறு. மேம்பாலத்துத் தலைமை ஆசிரியை, பிள்ளைகளின் குறையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தன் பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்லித் தர அந்தச் சின்ன டீச்சரை ஒருநாள் வரவழைத்தாராம். அன்றே அங்கே இரண்டு பிள்ளைகளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார்களாம்.

அடுத்த சேர்க்கைக் காலம் வந்தது. பக்கத்து மேசைக்காரி தன் மகனுக்குப் பள்ளி தேடிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் செல்போனை நீட்டினாள்.

"அக்கா, நீங்கதான் ஏழையும் சுத்திப் பாத்தவங்க. இதுல எது நல்ல ஸ்கூல்? ஒரே ஒரு பேர் சொல்லுங்க, நான் கண்ணை மூடிக்கிட்டுச் சேத்துடறேன்."

அவள் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சேக்காதே. பட்டியலப் பாரு, வேண்டாங்கல. பாத்துட்டு ஒவ்வொரு ஸ்கூலுக்கும் நேர்ல போ. போய் ஒரே ஒரு கேள்வி கேளு: 'என் பிள்ளைக்குப் படிப்பு வரலைன்னா என்ன செய்வீங்க?' டி.சி. குடுத்துடுவோம்னு எங்க சொல்றாங்களோ, அந்த ஸ்கூல் வாங்கின முதல் இடம் அடுத்த பிள்ளையத் தள்ளிவிட்டு வாங்கினது. ஏன் வரலைன்னு பக்கத்துல உக்காந்து பாப்போம்னு எங்க சொல்றாங்களோ, அங்க சேத்துடு. முன்னாடி ஓடுற பிள்ளைய எந்த ஸ்கூலும் ஓட்டிடும்டி. பின்தங்கின பிள்ளைய யார் கூட்டிக்கிட்டு வர்றாங்களோ, அவங்க நடத்தறதுதான் பள்ளிக்கூடம்."